வசவுக்கு வரி இல்லை

"நூறு மீட்டர்தானே ஷர்மி, தாண்டிட்டாப் போச்சு" என்று என் கணவர் மதிவாணன் சொன்ன அன்றைக்கு நான் அவருக்குச் சாப்பாடு போடவில்லை. அவரே போட்டுக்கொண்டார். ரசத்தில் உப்பில்லை என்று வேறு சொன்னார். மனுஷனுக்கு எந்த நேரத்தில் எதைப் பேசுவதென்றே தெரியாது.

எங்கள் வீடு ஓசூருக்கு வடக்கே ஜூஜுவாடியில், மாநில எல்லையை ஒட்டிய கடைசித் தெருவில் இருக்கிறது. மொட்டைமாடியில் காயப்போட்ட துண்டு காற்றில் பறந்தால் பக்கத்து மாநிலத்தில் போய் விழும். அத்திப்பள்ளிக்காரர் யாராவது எடுத்து மதில்மேல் போட்டுவிட்டுப் போவார்கள். துண்டுக்கு இதுவரை யாரும் வரி கேட்டதில்லை. என் பேச்சுக்குத்தான் கேட்டார்கள்.

என் தொழிலே பேச்சு. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் லிங்க் என்று ஒரு சுட்டியைப் போட்டு, அதைத் தட்டி யாராவது பொருள் வாங்கினால் கமிஷன் தருவார்களாம். இப்போது சுட்டியெல்லாம் இல்லை. எல்லார் காதிலும் கம்மல் அளவில் ஒரு காதுமணி. போன், பாட்டு, கடை, வங்கி எல்லாம் அதற்குள்தான். படம் வேண்டுமென்றால் எதிர்ச் சுவரில் காட்டும். யார் சொன்னதைக் கேட்டு நாம் எதை வாங்கினோம் என்பதை அது கண்டுபிடித்துவிடும். சொன்னவருக்கு 'கூடை' நிறுவனம் ஒரு பங்கு அனுப்பிவிடும். நாங்கள் அதை வாய்க்கூலி என்போம். கூடைதான் நாட்டிலேயே பெரிய கடை. காதுமணியும் அவர்களுடையதுதான்.

நான் பேசுவது செயற்கைக் கால்களைப் பற்றி. எனக்கு இடதுகால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. நெடுஞ்சாலையில் ஒரு லாரி எடுத்துக்கொண்டது. எந்தக் கால் எப்படி, காலுக்கும் தோலுக்கும் நடுவில் மாட்டுகிற லைனர் என்ற ரப்பர் உறையில் எது வியர்க்காது, எது புண்ணாக்கும் என்று நானே மாட்டி, நடந்து, விழுந்து பார்த்துத் தினமும் ஒரு நிகழ்ச்சியில் சொல்வேன். தமிழ் பேசுகிற கால் இழந்தவர்கள் எங்கெங்கோ இருந்து கேட்பார்கள். குடும்பம் அதில்தான் ஓடியது. மதிவாணனுக்கு ரோஜாப் பண்ணையின் குளிர் அறையில் வேலை. அவர் சம்பளத்தில் வாடகையும், குளிருக்கு அவர் தேய்த்துக்கொள்கிற தைலமும் தேறும்.

அப்போதுதான் எங்கள் மாநிலத்தில் சொல்லிட வரிச் சட்டம் வந்தது.

"அதென்ன சொல்லிடம்?" என்று கேட்டேன். அன்றைக்கு மதிவாணனுக்கு விடுமுறை. பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"சொல் பிறந்த இடம். நீ இங்க உக்காந்து ஒரு உறை நல்லாயிருக்குன்னு சொல்ற. துபாய்ல ஒருத்தன் அதைக் கேட்டு வாங்கறான். அந்த வியாபாரம் எங்க நடந்துச்சு?"

"துபாய்ல."

"இதுவரைக்கும் அப்படித்தான். இனிமே உன் வாயில நடந்ததாக் கணக்கு. வாய் இருக்கிற மாநிலத்துக்குக் கூடை வரி கட்டணும்."

"கட்டட்டுமே. கொள்ளை கொள்ளையா சம்பாதிக்கிறான்ல?"

"கட்டுவான்னு நெனைக்கிறியா?"

கட்டவில்லை. சட்டம் வந்த வாரமே மாநிலத்தில் இருந்த அத்தனை பேரின் வாய்க்கூலிக் கணக்கையும் மூடிவிட்டான். சமையல் பாத்திரம் பற்றிப் பேசுகிறவர்கள், கைக்குழந்தைச் சாமான் பற்றிப் பேசுகிறவர்கள், நான், எல்லாரும் ஒரே காலைப்பொழுதில் காலி. 'தங்களோடு பயணித்ததில் மகிழ்ச்சி' என்று ஒரு செய்தி வந்தது.

எங்கள் தெருவில் என்னைப்போல் பேசிப் பிழைத்தவர்கள் எல்லாரும் அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு அறை எடுத்து முகவரியை மாற்றிக்கொண்டார்கள். பக்கத்து மாநிலத்தில் அந்தச் சட்டம் கிடையாது. மதிவாணனும் தன் சித்தப்பா மகன் வீட்டு மாடியைப் பேசி வைத்துவிட்டு வந்துதான் அந்த நூறு மீட்டர் பேச்சை எடுத்தார்.

"நான் வரல" என்றேன்.

"ஏன்? அங்கயும் தமிழ் பேசறவங்கதான். தண்ணி நல்லா வருது."

"லாரி என் கால்ல ஏறினப்போ என்ன சொன்னாங்க? நான் தள்ளி நடந்திருக்கணுமாம். அப்புறம் ஃபேக்டரில, படி ஏற முடியாதுன்னு வேலைய விட்டுத் தள்ளிக்கச் சொன்னாங்க. மேல்மாடி வீட்டுல கைப்பிடி வெச்சுக் குடுங்கன்னு கேட்டா, வேற வீடு பாத்துக்கோன்னான் ஓனர். இடிச்சவன் எவனும் நகரல, ஒவ்வொரு தடவையும் நான்தான் நகந்தேன். போதும். இது என் வீடு. கக்கூஸ்ல கைப்பிடி எந்த உயரத்துல இருக்கணுமோ அந்த உயரத்துல இருக்கு. இங்க இருந்துதான் பேசுவேன்."

"பேசி என்ன பண்ணுவ? காசு வராதே."

"வராட்டிப் போகுது. கேக்கறவங்க இருக்காங்கல்ல?"

நான் அறியாதது ஒன்று இருந்தது. கேட்கிறவர்களுக்கும் என் பேச்சு போய்ச் சேரவில்லை.

அதை எனக்குச் சொன்னவள் கோலார் தங்கவயல் செல்வராணி. அவள் புருஷனுக்குச் சர்க்கரையால் வலதுகாலை எடுத்திருந்தார்கள். மனுஷன் மறுபடி நடந்து கடையைத் திறக்க வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தாள். முன்பே ரெண்டு தடவை என்னோடு பேசியிருக்கிறாள்.

"அக்கா, நீங்க எதுவுமே சொல்லாததால நானே ஒரு சாம்பல் கலர் உறை வாங்கிட்டேன். மாட்டி ஒரு வாரத்துல கொப்புளம். சர்க்கரை உடம்பு, ஆறவே மாட்டேங்குது. டாக்டர் இன்னும் கொஞ்சம் மேல எடுக்கணுமோன்னு பயமுறுத்தறாருக்கா" என்று அழுதாள்.

"நான் சொல்லாம என்ன? போன மாசம் பூரா நீல உறையைப் பத்தித்தானேடி பேசினேன்!"

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். நீல உறை வாங்கு. அதுதான் நல்லது."

"அக்கா, ஒண்ணுமே கேக்கல. மூச்சுகூடக் கேக்கல."

மறுபடி சொன்னேன். கத்தினேன். எட்டுத் திசைக்கும் கேட்கிற என் குரல் அவள் காதில் மட்டும் விழவில்லை. அப்போதுதான் புரிந்தது. கூலி கொடுக்காவிட்டாலும், என் சொல்லைக் கேட்டு ஒருத்தர் வாங்கிவிட்டால் வரி வந்துவிடும். அதனால் எங்கள் மாநிலத்துக்காரர் எந்தச் சாமானையாவது நல்லது என்று சொன்னால், அதைக் காதுமணியே விழுங்கிவிடும்படி செய்திருக்கிறான் பாவி. அக்கா தங்கைக்குச் சொல்வதுகூடப் போய்ச் சேராது. எதிரில் உட்கார்ந்து பேசினால்தான் கேட்கும்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அந்தச் சாம்பல் கலர் கருமத்தைத் தூக்கிக் குப்பையில போடு! அது உறையா? தோலை உரிக்கிற எமன்! அதைச் செஞ்சவன் கையில கட்டை முளைக்க!"

"ஐயோ, இப்பக் கேக்குதுக்கா!" என்றாள் செல்வராணி.

திட்டினால் மட்டும் காதுமணி விட்டுவிடுகிறது. பிறகு நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அந்த நீல உறை இருக்கே செல்வராணி, அது ஒரு சனியன். மாட்டறதுக்குள்ள உயிர் போயிடும். கலர் கண்றாவி. துவைச்சா காயறதுக்கு ஒரு நாள் ஆகும். போட்டா இருக்கிறதே தெரியாது, அதனால ராத்திரி கழட்ட மறந்து தொலைக்கணும். கொப்புளம் கிப்புளம் வந்தாலாவது ஞாபகம் வரும், அதுவும் வராது. விளங்காத சாமான்."

எல்லாம் போய்ச் சேர்ந்தது. ஒரு எழுத்துக்கூட விழுங்கவில்லை. அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது. அழுத மூக்கோடு சிரித்தாள்.

"சரிக்கா. நீலத்தையே வாங்கிக்கறேன்."

"எப்படிடி புரிஞ்சுது?"

"இது தெரியாதாக்கா? எங்க அக்காவைப் பொண்ணு பாக்க எத்தனை பேர் வந்தாங்க. 'பொண்ணு மகாலட்சுமி, எல்லாம் பிரமாதம்'னு சொன்னவங்க எல்லாம் கேசரியைத் தின்னுட்டுப் போனவங்கதான், திரும்பி வரல. ஒரு அம்மா மட்டும் 'மூக்கு கொஞ்சம் சப்பை, உயரம் பத்தாது, கத்திரிக்கா குழம்புல புளி தூக்கல்'னு மூணு மணி நேரம் குறை சொல்லுச்சு. அதுதான் பூ வெச்சுட்டுப் போச்சு. வேணாங்கிறவங்க எதுக்குக்கா உக்காந்து குறை சொல்லப் போறாங்க?"

அடி என் ராசாத்தி என்று கொஞ்சத் தோன்றியது எனக்கு. புடவைக் கடையில் நாம் எல்லாரும் செய்கிறதுதானே. பிடிக்காத புடவையை ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுவோம். பிடித்த புடவையைத்தான் விரித்துப் போட்டு, பார்டர் மட்டம், ஜரிகை கம்மி என்று கழுத்தறுப்போம். கூடையின் இயந்திரத்தைச் செய்தவன் எந்த ஊர்க்காரனோ, அவனை யாரும் புடவைக் கடைக்குக் கூட்டிப்போகவில்லை. திட்டினால் வியாபாரம் நடக்காது என்று நம்பிவிட்டான்.

மறுநாளிலிருந்து நிகழ்ச்சியில் நல்ல சாமானையெல்லாம் நாள் முழுக்கத் திட்டினேன். மட்டமான சாமானை ஒரே வரியில் "வாங்காதே" என்று முடித்தேன். வித்தியாசம் கேட்கிறவர்களுக்கு உடனே புரிந்தது. நான் செய்ததைப் பார்த்து, பாத்திரம் பற்றிப் பேசுகிறவர்கள் பாத்திரத்தைத் திட்ட ஆரம்பித்தார்கள், தொட்டில் பற்றிப் பேசுகிறவர்கள் தொட்டிலைத் திட்ட ஆரம்பித்தார்கள். மாநிலமே வசவில் மணந்தது. மதிவாணன் பண்ணையில் ரோஜாவைத் திட்டப் பழகினார். அவருக்குச் சரியாக வரவில்லை, கொஞ்சுவது போலவே இருந்தது.

சாமான் விற்றது. விற்றதும், எந்தச் சொல்லால் விற்றது என்று காதுமணி தேடியது. அது வந்து நின்ற இடம் என் வாய். மாநிலம் கூடையிடம் வரி கேட்டது.

ஒரு வாரத்தில் கூடையிலிருந்து அபிநயா என்ற பெண் நேரில் வந்தாள். நல்ல பிள்ளை, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள். காபி கொடுத்தேன்.

"மேடம், நீங்க திட்டறதைக் கேட்டு ஏன் வாங்கறாங்கன்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் புரியல" என்றாள்.

"உனக்குப் புரியுதா?"

"எனக்குப் புரியுது மேடம். எங்க மாமியார் தினமும் என் சாம்பாரைத் திட்டிட்டு ரெண்டாவது தடவை ஊத்திப்பாங்க. ஆனா இதை எங்க பாஸுக்கு எப்படிச் சொல்றது?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அத்திப்பள்ளிக்கு மாறிடுங்க மேடம். பழையபடி கூலி, அதுக்கு மேலயும் தரச் சொல்லியிருக்காங்க. வீட்டைக்கூட நாங்களே உங்களுக்கு ஏத்த மாதிரி கட்டித் தர்றோம். கைப்பிடி, சாய்தளம் எல்லாம்."

"மாட்டேன்னா?"

அவள் காபி டம்ளரையே பார்த்தாள். "நல்லது சொன்னா அடைக்கிறோம். திட்டினாலும் விக்குதுன்னா, அதையும் அடைக்க வேண்டியதுதான். நீங்க பேசற எல்லாத்தையும்."

"எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையும்தான் மேடம். முதல்ல உங்களை மட்டும். மத்தவங்க பயந்து நிறுத்திடுவாங்கன்னு நெனைக்கிறாங்க. ப்ளீஸ் மேடம். நூறு மீட்டர்."

"உன் பாஸ்கிட்டப் போய்ச் சொல்லு. எனக்கு இருக்கிறது ஒரு கால். அது இங்கதான் ஊனியிருக்கு. வேணும்னா அவன் கடையை நூறு மீட்டர் தள்ளி வெச்சுக்கட்டும்."

போகும்போது அபிநயா என் கையைப் பிடித்து "ஸாரி மேடம்" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

அன்று சாயங்காலமே அடைத்தான். "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க" என்று மதிவாணனிடம் சொன்னேன். அவர் "ஹலோ, ஹலோ" என்றார். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். எனக்கு அவர் குரல் கேட்கிறது, அவருக்கு நான் இல்லை. என்ன ஆயிற்றோ என்று வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தார். வாசலில் என்னைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். குளிர் அறைச் சட்டையோடு அந்த மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"விழுந்து கிடக்கிறியோன்னு நெனச்சேன்" என்றார்.

"விழுந்தாலும் இனிமே உங்களைக் கூப்பிட முடியாது. ஆம்புலன்ஸையும் கூப்பிட முடியாது."

"போயிடலாம் ஷர்மி. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதை மறைக்கவில்லை. அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு, "வரமாட்டேன்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். சித்தப்பா மகனுக்குப் போன் போட்டு, மாடியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். அன்றைக்கு அவருக்கு நானே பரிமாறினேன்.

அடைப்பை எடுக்கச் சொல்லி வழக்குப் போட முடியுமா என்று ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தோம். நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. தினமும் உட்கார்ந்து பேசினேன். கேட்கிறவர்களுக்கு வாய் மட்டும் அசைவது தெரியும். அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் மகராசிகள், மகராசன்கள்.

அப்படியே மூணு நாலு மாதம் ஓடியபோதுதான் வணிகவரி அதிகாரி செங்குட்டுவன் மைசூர்பாகு டப்பாவோடு வந்தார். இரும்புப் பெட்டி போல ஒரு ஆள், ஆனால் முகமெல்லாம் சிரிப்பு.

"வரி வழக்குல ஜெயிச்சுட்டோம் மேடம்! தீர்ப்பாயத்துல கூடை என்ன சொன்னான் தெரியுமா? அந்தம்மா பேச்சு வெளியவே போகல, அதனால வரி இல்லைன்னான். நாங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டோம். விக்கிற சொல்லைத்தானே அடைக்கிறீங்க? அப்ப அடைச்சதெல்லாம் விக்கிற சொல்னு உங்க இயந்திரமே முடிவு பண்ணிடுச்சே? அடைச்ச ஒவ்வொரு சொல்லுக்கும் வரி உண்டுன்னு தீர்ப்பு."

"நான் வீட்டுக்காரர்கிட்டக் கொத்தமல்லி கேட்டேன் சார்."

"அதுக்கும் உண்டு மேடம்."

"அப்ப இனிமே அடைக்க மாட்டானா?"

செங்குட்டுவனின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "அவன் மேல்முறையீடு போயிருக்கான். அது முடியற வரைக்கும் அடைப்பான். நீங்க அடைப்பை எடுக்கச் சொல்லி வழக்குப் போடப் போறதாக் கேள்விப்பட்டோம். கொஞ்ச நாளைக்கு வேணாமே மேடம். நீங்க பாட்டுக்கு நிறையப் பேசுங்க. அவன் அடைக்க அடைக்க நமக்கு வருமானம். பள்ளிக்கூடம் கட்டலாம், ஆஸ்பத்திரி கட்டலாம். உங்களுக்கு ஒரு விருதுக்குக்கூடப் பரிந்துரை பண்ணியிருக்கோம்."

நான் டப்பாவை மூடி அவர் பக்கம் தள்ளினேன்.

"அவன் என் வாயைப் பொத்தறான். பொத்தினதுக்கு நீங்க அவன்கிட்ட வசூல் பண்றீங்க. நடுவுல நான் யாரு சார்?"

அவர் யோசித்தார். பாவம், நேர்மையான மனிதர். "சட்டப்படி நீங்க சொல்லிடம் மேடம்" என்றார்.

"நான் இடம் இல்ல சார், மனுஷி!"

அந்த நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஒரு பெண் இறங்கி, ஊன்றுகோலோடு ஒருவரைக் கைத்தாங்கலாக இறக்கினாள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர், சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்தது.

"அக்கா! நான்தான் செல்வராணி. வாய் மட்டும் ஆடறதைப் பாக்கச் சகிக்கல, நேர்லயே கேட்டுட்டுப் போலாம்னு வந்துட்டோம். இவங்கல்லாம் எங்க பக்கத்து ஆளுங்க. கூடை குடுத்த கூலியை இனிமே நாங்க குடுக்கறோம். எங்க தெருவுல இன்னும் ஒரு வேன் ஆள் இருக்கு."

மதிவாணனை நான் எப்போதும் மட்டம்தட்டுவேன். அன்றைக்கு அவர் செய்த காரியத்துக்காகக் கோயில் கட்டலாம். யாரும் சொல்லாமலே உள்ளே போய் அரிசி டப்பாவை எடுத்து வந்தார். எல்லாரும் காதுமணியைக் கழற்றி, அது ஒட்டுக்கேட்காதபடி அரிசிக்குள் புதைத்தார்கள். என்னுடையதையும் போட்டேன். கடைசியாக டப்பா செங்குட்டுவன் முன்னால் வந்து நின்றது.

"நான் அரசாங்க அதிகாரி" என்றார்.

"அதனாலென்ன சார், அரிசி ரேஷன் அரிசிதான்" என்றார் மதிவாணன்.

செங்குட்டுவன் கழற்றிப் போட்டார். மூடியை அழுத்தி மூடினோம். தன் காதைத் தடவிக்கொண்டே அவர், "மேடம், இங்க நீங்க சொல்லப்போற சொல்லுக்கு எப்படி வரி போடறதுன்னு சட்டத்துல இல்லையே" என்றார்.

"எழுதிட்டு வாங்க. அதுவரைக்கும் காபி சாப்பிடுங்க."

செல்வராணியின் புருஷன் திண்டாடி நாற்காலியில் உட்கார்ந்தார். கொப்புளம் காய்ந்திருந்தது. தோல் இன்னும் சிவப்புதான், ஆனால் முழுசாக இருந்தது. மேலே எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பையிலிருந்து நீல உறையையும், அதன்மேல் மாட்டப் புதிதாகப் பார்த்து வைத்திருந்த காலின் படத்தையும் எடுத்து என் மடியில் வைத்தாள் செல்வராணி.

"இந்தக் காலை வாங்கலாமாக்கா? இவரு கடையைத் திறக்கணும்கிறாரு."

படத்தைப் பார்த்தேன். அது நான் போட்டிருக்கிற அதே ரகக் கால். எழுந்து நின்றேன். இத்தனை மாதமாகத் தொண்டையில் சிக்கிக் கிடந்தது அந்த வார்த்தை. திட்டித் திட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் இப்போது இல்லை. இருந்தாலும் வாயைத் திறந்ததும் முதலில் அழுகைதான் வந்தது. துடைத்துக்கொண்டு, அத்திப்பள்ளிவரைக்கும் கேட்கிற என் சொந்தக் குரலில் சொன்னேன்.

"நல்லாயிருக்குடி. தாராளமா வாங்கு."